காற்று போகாத வீதி

ஜூன் 9, ஞாயிறு

அரைத்த மாவைக் குண்டாவுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது குறும்பனூரிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். பால் சொசைட்டி செயலாளர் சென்னியப்பனை மட்டும் முன்பே தெரியும். ஒரு தடித்த ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தார்.

"ஈயக் கம்பெனி குடுத்ததுங்க மேடம். முழுக்க இங்கிலீசு. கடைசிப் பக்கத்துல எல்லாம் நார்மல்னு போட்டிருக்குதாம். எங்க ஆடு செத்தது நார்மலா, புள்ளைங்க வயித்து வலியில சுருண்டுக்கறது நார்மலான்னு எங்களுக்குத் தெரியலீங்க. நீங்க காலேஜுல கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்கறவங்க. படிச்சுச் சொன்னீங்கன்னா போதும்."

பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டியாக்கி விற்கும் கம்பெனி அது. இப்போது இரண்டாவது உலை கேட்கிறார்கள். கிழக்குத் தோட்டத்து ஜனங்கள் புகார் கொடுத்ததால் ஜூலை 25 அன்று கலெக்டர் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்.

படித்துச் சொல்வது மட்டும்தான் என் வேலை, போராட்டத்துக்கெல்லாம் வர மாட்டேன் என்றேன். சரிங்க என்றார்கள். என் தம்பி பூபதி அதே கம்பெனி உலையில்தான் வேலை பார்க்கிறான் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

மத்தியானம் பூபதியும் அவன் மனைவி மேகலாவும் மகள் ஹாசினியை என்னிடம் விட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போனார்கள். குழந்தைக்கு நாலு வயது, இரண்டு வாய் சோறு போவதற்குள் உயிர் போகிறது. "வயிறு வலிக்குது அத்தே" என்கிறாள். சாப்பிடாமல் இருக்க நல்ல சாக்கு. போன வருஷம் தைத்த பாவாடை இன்னும் சரியாக இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

பால் சொசைட்டிக் கூடத்தில் ரிப்போர்ட்டை விளக்கினேன். "இதில் இருக்கிற எண்கள் பொய்யில்லை" என்றுதான் தொடங்கினேன். சலசலப்பு எழுந்தது. ஒருவர் எழுந்தே போய்விட்டார்.

பிறகு போர்டில் படம் போட்டேன். நடுவில் கம்பெனி. மேற்கே தொழிலாளர் குடியிருக்கும் மேற்கு வீதி. கிழக்கே தோட்டங்கள். "காற்றை எப்ப அளந்திருக்காங்கன்னா, போன ஜூன், ஜூலையில். மெஷின் வைத்த இடம் மேற்கு கேட்டும் அதற்கும் மேற்கே ஒரு கோயிலும். அந்த மாசத்தில் காத்து எங்கிருந்து அடிக்கும்?"

"மேக்கால இருந்துங்க" என்று எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள். சொன்ன பிறகுதான் போர்டை மறுபடி பார்த்தார்கள்.

பழனாத்தாள் என்றொரு அம்மா, ஆடு வளர்ப்பவர், கேட்டார்: "அப்ப எங்க பக்கம் அளக்கவே இல்லீங்களா?"

"இல்லைங்க."

"அளந்தா இருக்கும்னு சொல்ல முடியுங்களா?"

"அளந்தால்தான் சொல்ல முடியும்."

அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. அவர்கள் நெடுநாளாக நம்புவதை நான் ஒரு கேள்வியாக மாற்றிவிட்டேன். ஆனால் அந்தம்மா மட்டும் தலையாட்டிவிட்டு, "அப்ப அளந்துபோடலாம்" என்றார்.

காற்று கிழக்கே போகிறது. மேற்கு வீதிக்குப் பயமில்லை. பூபதி வீடு மேற்கு வீதியில்தான்.

ஜூன் 16, ஞாயிறு

விடைத்தாள் திருத்தம். கேஸ் தீர்ந்துவிட்டது. ஹாசினிக்கு லேசாகக் காய்ச்சல், வரவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

காற்றை அளக்க எங்களிடம் கருவி இல்லாததால், பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கேம்ப் போடக் கோயமுத்தூரிலிருந்து டாக்டர் ஷெரின் வர ஒப்புக்கொண்டார். குழந்தைகள் நல மருத்துவர், ஈயம் பற்றி நன்றாகத் தெரிந்தவர். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும், உடம்பில் ஈயம் எவ்வளவு என்று கருவி காட்டும். நூறு மில்லி ரத்தத்தில் ஐந்து மைக்ரோகிராமைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றார்.

சாயங்காலம் பூபதி போன் செய்தான்.

"அக்கா, கேம்ப்பு போடறது நீதானாமா?"

"டாக்டர் போடறாங்க. நான் கூட இருக்கேன்."

"சூப்பர்வைசர் என்னைக் கூப்ட்டு, உங்கக்காவான்னு கேட்டான். நான் என்ன சொல்றது?"

"ஆமான்னு சொல்லு."

"உனக்கு மாசமானா கவர்மெண்டு சம்பளம் வந்துரும். மேக்கு வீதியில இருக்கறவன் எல்லாம் அந்த உலையை நம்பித்தான் அடுப்பு பத்த வெக்கறான். நீ வராதக்கா."

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

ஜூன் 23, ஞாயிறு

தொடக்கப் பள்ளியில் கேம்ப். குழந்தைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து அனுப்புவது என் வேலை. கிழக்குத் தோட்டத்திலிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர். மேற்கு வீதியிலிருந்து ஒருவரும் வரவில்லை. கேட்டுக்கு வெளியே பைக்கில் இரண்டு பேர், யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ எனக்குத் தெரியவில்லை. கம்பெனி ஆட்கள் என்றார் சென்னியப்பன்.

அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் பள்ளியின் பின்பக்கமாக மேகலா வந்தாள். இடுப்பில் ஹாசினி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் கூட.

"உங்க தம்பிக்குத் தெரியாது அண்ணி. இவங்க அப்பாக்களுக்கும் தெரியாது. அம்மாக்கள்தான் அனுப்பினாங்க. சீக்கிரம் எடுத்துட்டு விட்டுருங்க."

"உங்க பக்கம் காத்தே வராது மேகலா. பயப்பட ஒண்ணுமில்ல."

"இல்லைன்னு தெரிஞ்சா நிம்மதியாத் தூங்குவேன்ல."

ஹாசினியின் கையை நான்தான் கழுவினேன். ஊசி குத்தியபோது அழவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். டாக்டர் ஷெரின் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எப்பவும் இப்படி அமைதியாத்தான் இருப்பாளா?" என்றார். ரொம்ப சமத்து என்றேன்.

ஜூன் 26, புதன்

முடிவுகள் வந்தன. கிழக்குத் தோட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பத்தைத் தாண்டியிருக்கிறது. பழனாத்தாளின் பேரனுக்கு இருபத்தொன்று. உலையிலிருந்து தள்ளிப் போகப் போக எண் குறைகிறது. காற்று சொல்வதையே ரத்தமும் சொல்கிறது.

மேற்கு வீதிப் பிள்ளைகள் மூவருக்கும் கிழக்குத் தோட்டத்தைவிட அதிகம். ஹாசினிக்கு முப்பத்தெட்டு.

விரலில் தூசி ஒட்டியிருந்தால் இப்படித் தப்பாகக் காட்டும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கையை நான் சரியாகக் கழுவியிருக்க மாட்டேன். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

நரம்பிலிருந்து எடுத்ததில் முப்பத்தாறு.

டாக்டர் போனில் நிதானமாகச் சொன்னார். இந்த அளவுக்கு மருந்து கொடுத்து வெளியேற்றும் சிகிச்சை வேண்டாம், இரும்புச் சத்தும் கால்சியமும் கொடுக்கலாம். ஆனால் ஈயம் எங்கிருந்து உள்ளே போகிறதோ அதை நிறுத்தாவிட்டால் எது கொடுத்தும் பயனில்லை. "வீட்டைப் பாருங்க கோகிலவாணி. அப்பா உலையில வேலை செய்யறார்னு சொன்னீங்க."

கண் மை, பொம்மைப் பெயிண்ட், மஞ்சள் தூள். இதிலெல்லாம் கூட ஈயம் கலப்பதுண்டு. முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 6, சனி

பூபதி ஷிப்டுக்குப் போயிருப்பான் என்று கணக்குப் பண்ணி மேற்கு வீதிக்குப் போனேன். மை டப்பி, மஞ்சள் தூள், பொம்மைகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டேன். டாக்டர் கொடுத்தனுப்பிய ஈரத் துணித் துண்டுகளால் தரையையும் துடைத்து எடுத்தேன். சமையலறையில் ஒன்று, கட்டிலடியில் ஒன்று. வாசல் கதவுக்குப் பின்னால், பூபதியின் கம்பெனிச் சட்டை மாட்டுகிற ஆணிக்குக் கீழே ஒன்று. அதை மேகலாதான் காட்டினாள். நானாக அங்கே துடைத்திருக்க மாட்டேன், வெறும் மூலை அது.

அந்தத் துணியைக் குப்பியில் போட்டு மூடும்போது பைக் சத்தம் கேட்டது.

வேலை முடிந்து அப்படியே வந்திருந்தான். முகத்தில், கழுத்து மடிப்பில் சாம்பல் நிறம். ஹாசினி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் தூக்கிக்கொண்டான். அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"என்னக்கா பண்ணிட்டிருக்க?"

"அவளைக் கீழே இறக்கு பூபதி."

"ஏன்?"

மேகலா எண்ணைச் சொன்னாள். கேம்புக்குப் போனதையும் சொன்னாள். அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம்தான் பேசினான்.

"எம் புள்ளைக்கு வெசம் ஏறியிருக்குதுன்னு ஊருக்கெல்லாம் காட்டணுமா உனக்கு? நாளைக்குப் பேப்பர்ல போடுவியா?"

"யார் பேரும் வெளியே போகாது."

"என் வீட்டுக் குப்பையை அள்ளிட்டுப் போறதுக்கு நான் இல்லாத நேரமாப் பாத்து வர்ற. பேர் போகாதாம்."

பையைப் பிடுங்குவான் என்று நினைத்தேன். பிடுங்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான், நான் வெளியே போகும்வரை.

ஜூலை 7, ஞாயிறு

ஹாசினியை யாரும் கூட்டி வரவில்லை.

ஜூலை 10, புதன்

பிரின்சிபால் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். கம்பெனிக்காரர்கள் நம் கல்லூரிக்குப் புது ஆய்வகம் கட்டித் தரப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். "உங்க சொந்த நேரத்துல நீங்க என்ன பண்றீங்கன்னு நான் கேக்கல மேடம். காலேஜ் பேரு எங்கயும் வராமப் பாத்துக்குங்க." சரி என்றேன். காபி ஆறிப்போயிருந்தது.

ஜூலை 13, சனி

மையில் இல்லை. மஞ்சள் தூளில் இல்லை. பொம்மைகளில் இல்லை. சமையலறைத் தரையில் கொஞ்சம். ஆணிக்குக் கீழே எடுத்த துணியில், உலைக்கு எதிரே இருக்கும் கிழக்குத் தோட்டத்து வீட்டு வாசலில் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்ததைவிடப் பல மடங்கு.

ஒரே ஒரு மூலை. அதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

ஜூலை 16, செவ்வாய்

சென்னியப்பன் வந்தார். கலெக்டர் அலுவலகத்துக்கு நாளை அட்டவணை கொடுத்தாக வேண்டும். மேற்கு வீதி எண்களின்மேல் விரலை வைத்தார்.

"மேடம், இந்த மூணை எடுத்துருங்க."

"ஏன்?"

"காத்தே போகாத வீதியில இத்தனை இருக்குதுன்னா, அப்ப புகையினால இல்லைன்னு அவங்க வக்கீலு அடிச்சுப் பேசுவான். வேலைக்குப் போறவன் குளிக்காம வீட்டுக்கு வர்றான், நாங்க என்ன பண்றதும்பான். எங்க கேஸு அங்கயே படுத்துக்கும். உங்க தம்பி மேலதான் பழியும் வரும். அவரைக் காப்பாத்தறதுக்கும் சேர்த்துத்தான் சொல்றனுங்க."

மனிதர் கெட்டவரில்லை. ஏழு வருஷமாக இந்த வழக்கைச் சுமந்துகொண்டு அலைகிறார்.

ஒப்புக்கொண்டேன். மூன்று பேர் என்பது மிகச் சிறிய மாதிரி. அதோடு பெற்றோர் சம்மதமும் முழுசாக இல்லை. விட்டுவிடுவதுதான் முறையும்கூட. அட்டவணை இப்போது பார்க்க மிகத் தெளிவாக இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

மேகலா போன். "துணியில என்ன வந்துச்சு அண்ணி?" இன்னும் முழுசாத் தெரியவில்லை என்றேன். "தெரிஞ்சதும் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எதை மாத்தறது, எதை விடறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருக்கேன்." குரலில் கோபமில்லை. என்னை நம்பிப் பேசினாள்.

ஜூலை 22, திங்கள்

மேகலா போன் செய்ததிலிருந்து வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. இன்று அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மேகலா வேலை பார்க்கும் ஜவுளிக் கடைக்குப் போனேன். துணி அடுக்கும் இடத்துக்குப் பின்னால் நின்று சொன்னேன். அவன் உடையில், முடியில், செருப்பில் வருகிறது. அங்கிருந்து தரைக்கு, தரையிலிருந்து குழந்தையின் கைக்கு, கையிலிருந்து வாய்க்கு.

அவள் கையில் இருந்த சேலையை மடித்து முடித்தாள்.

"பாப்பா துணியையும் அவரு சட்டையையும் ஒண்ணாத்தான் ஊற வெப்பேன் அண்ணி. சோப்பு மிச்சமாகும்னு."

"உன்மேல தப்பில்ல."

"அவரு மேலயா?"

"அவன்மேலயும் இல்ல. வேலை முடிஞ்சு குளிக்கவும் உடுப்பை அங்கேயே துவைக்கவும் ஏற்பாடு பண்ணியிருக்க வேண்டியது கம்பெனி."

"அங்க ஒரு பைப்புதான் இருக்குது. அதுலயும் தண்ணி வராதுன்னு சொல்வாரு." கொஞ்சம் யோசித்தாள். "இதைக் கூட்டத்துல சொல்லப் போறீங்கதானே?"

அட்டவணை ஏற்கெனவே போய்விட்டது என்றேன். இப்போது மாற்றினால் குழப்பம் வரும் என்றேன்.

"என்னை எதுக்காகவும் மறைக்க வேண்டாம் அண்ணி" என்றாள். "பக்கத்து வீட்டுக்காரங்களும், பேரில்லாம நம்பரைச் சொல்லிக்கலாம்னுதான் சொன்னாங்க. நீங்கதான் எங்ககிட்டக் கேக்கவே இல்ல."

ஜூலை 25, வியாழன்

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

கலெக்டர் அலுவலகக் கூட்டரங்கு. இடது பக்கம் கிழக்குத் தோட்டத்து ஜனங்கள். வலது பக்கம் கம்பெனி ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் கம்பெனி வேனில் கூட்டி வந்த தொழிலாளர்கள். பூபதி மூன்றாவது வரிசையில். என்னைப் பார்க்கவில்லை. மேகலா கடைசி வரிசையில், எந்தப் பக்கமும் சேராமல், குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

காற்றுத் திசையை விளக்கினேன். கலெக்டர் படத்தை அருகில் வாங்கிப் பார்த்து, "கிழக்கே ஏன் அளக்கவில்லை?" என்று கம்பெனியின் ஆலோசகர் சேஷகிரியைக் கேட்டார். அவர் சுற்றி வளைத்து ஏதோ சொன்னார். சென்னியப்பன் முகம் மலர்ந்தது. ரத்த அட்டவணையைக் காட்டினேன். அதுவரை எல்லாம் நன்றாகவே போயிற்று.

சேஷகிரி எழுந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. "மேடம், அந்த முகாமுக்கு மேற்கு வீதிக் குழந்தைகளும் வந்ததாக அறிகிறோம். அவர்களுடைய முடிவுகள் இந்த அட்டவணையில் இல்லையே?"

கேம்ப் அன்று பைக்கில் நின்றவர்கள் சாப்பிட்டுச் சீக்கிரமே திரும்பியிருக்க வேண்டும், அல்லது வேறு யாரோ பார்த்திருக்கிறார்கள். சென்னியப்பன் மேசைக்கடியில் என் முழங்கையைத் தொட்டார்.

கலெக்டர் என்னைப் பார்த்தார். "வந்தாங்களா?"

"வந்தாங்க சார்."

"எண்கள் எங்கே?"

"நான் விட்டுவிட்டேன்."

அரங்கில் சத்தம் எழுந்தது. வேண்டியதைக் காட்டி வேண்டாததை மறைப்பவர்களின் அட்டவணையை எப்படி ஏற்பது என்று சேஷகிரி கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. கலெக்டரைப் பார்த்துச் சொன்னேன்.

"மேற்கு வீதியில் மூன்று குழந்தைகள். மூன்று பேருக்கும் கிழக்குத் தோட்டத்தைவிட அதிகம். அங்கே காற்று போகாது. ஈயம் போகிறது. மூன்று வீட்டிலும் அப்பா உலையில் வேலை பார்க்கிறார். ஒரு வீட்டில், வேலைச் சட்டை மாட்டும் இடத்தில் தூசி எடுத்துப் பார்த்தோம். அந்தக் கம்பெனியிலிருந்து ஈயம் இரண்டு வழியாக வெளியே வருகிறது சார். ஒன்று புகை போகிற திசையில். இன்னொன்று தொழிலாளர் உடம்பின்மேல். இதை விட்டது அறிவியல் இல்லை. என் பயம். இப்போது சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறேன்."

"தொழிலாளர்கள் சுத்தமாக இல்லாததற்கு நிர்வாகம் பொறுப்பாகுமா?" என்றார் சேஷகிரி. "எந்த வீடு அது? அந்த வீட்டிலேயே பேட்டரி உடைக்கிறார்களோ என்னவோ."

"எங்க வீடுதானுங்க."

மேகலா எழுந்து நின்றிருந்தாள். கடைசி வரிசையிலிருந்து அவள் குரல் முன்வரை கேட்டது. "நாங்க பேட்டரியெல்லாம் உடைக்கலீங்க. அவரு வேலைக்குப் போயிட்டு நேரா வீட்டுக்கு வர்றாரு. அங்க குளிக்கத் தண்ணியில்ல. இவதான் எம் புள்ள. முப்பத்தாறு."

எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். பூபதி எழுந்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். வரிசையில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டி, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

வெளியே வந்ததும் சென்னியப்பன் சொன்னார்: "கெடுத்துட்டீங்க மேடம்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "எனக்குக் கோவம்தானுங்க. ஆனா நாந்தானே எடுக்கச் சொன்னேன்."

ஜூலை 31, புதன்

உத்தரவு வந்துவிட்டது. இரண்டாவது உலைக்கு அனுமதி இல்லை. இருக்கும் உலையும், கிழக்கே காற்றை அளந்து முடிவு வரும்வரை நிறுத்தம். திறக்கும்போது குளியலறையும், உடுப்பு துவைக்கும் இடமும் இருக்க வேண்டும். தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் ரத்தப் பரிசோதனை. சென்னியப்பன் போனில் முழுசாக வாசித்துக் காட்டினார், இரண்டு தடவை.

மேற்கு வீதியில் யாருக்கும் வேலை இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மேகலாவோடு பேசினேன். பூபதி வீட்டுக்கு வருகிறான், சாப்பிடுகிறான், பேசுவதில்லையாம். வேலைச் சட்டைகளை எடுத்துக்கொண்டு போய் எங்கோ புதைத்துவிட்டு வந்தானாம். வேலை போன கோபத்தில் வீட்டு வாசலில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். அதையும் அவனே கழுவியிருக்கிறான்.

போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

டாக்டர் ஷெரின் இரண்டாம் முறை வந்தார். ஊருக்குள் போட்டால் சண்டை வரும் என்பதால் என் வீட்டு முன்னறையிலேயே மேசை போட்டோம். காலை முழுக்கக் கிழக்குத் தோட்டத்துப் பிள்ளைகள். மேற்கு வீதிக்காரர்கள் வரமாட்டார்கள் என்று நினைத்து, கருவியை எடுத்து வைக்கும் நேரத்தில் தெருவில் ஒரு மினி லாரி நின்றது.

பூபதி இறங்கினான். கூடவே உலையில் வேலை பார்த்த ஆட்கள், பெண்கள், பின்னால் நிறையப் பிள்ளைகள். மற்றவர்கள் வெளியிலேயே நின்றுகொண்டார்கள். ஹாசினியைத் தூக்கிக்கொண்டு அவன் மட்டும் உள்ளே வந்தான். ஷேவ் செய்து பல நாள் இருக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையின் கையை நீட்டினான். இருபத்தெட்டு. டாக்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"எறங்கியிருக்குது" என்றான், யாரிடமோ சொல்வது போல. பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான். "அக்கா, இது முழுசாப் போயிருமா?"

"ரத்தத்துல இன்னும் குறையும். எலும்புக்குள்ள போனது வெளியே வர வருஷக்கணக்காகும்."

"அவ படிப்பு? பேச்சு?"

டாக்டர் என்னைப் பார்த்தார். ஆறுதலாகச் சொல்ல எத்தனையோ வாக்கியங்கள் இருந்தன. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவற்றில் ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

"தெரியாது பூபதி. நல்லா இருக்கலாம். கொஞ்சம் பின்தங்கலாம். இப்போ யாராலயும் சொல்ல முடியாது."

அவன் குழந்தையின் விரலில் இருந்த பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"சரி" என்றான். "அவங்ககிட்டயும் இப்படியே சொல்லு."

எழுந்து போய்க் கதவைத் திறந்து, வெளியே நின்றவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டான்.